வாசகர் கேள்வி – பதில்: பிரித்தானிய அரசியலைப் படிப்பதும் அதையே தொழிலாகக் கொள்வதும்

திருகோணமலை மாவட்டத்திலிருந்து இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விடயத்தைச் சுற்றியே இருந்தன. பிரித்தானிய அரசியலை ஆராய்வதை வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ளலாமா? கொண்டவர்கள் எந்த வழியால் போனார்கள்? அதனால் இந்த இதழின் கேள்வி – பதில் பகுதியை முழுவதுமாக அதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

மூதூரிலிருந்து ஓர் உயர்தரக் கலைப்பிரிவு மாணவர்: சோல்பரி அரசியலமைப்பைப் படிக்கும்போது ஐவர் ஜெனிங்ஸ் என்ற பெயர் அடிக்கடி வருகிறது. அவர் சட்டத்தரணியா, அரசியல்வாதியா, பேராசிரியரா?

தம்பி, அவர் முதலில் ஒரு பல்கலைக்கழக ஆசிரியர். மற்றப் பொறுப்புகள் எல்லாம் அந்த வேலையின் பலத்தில் வந்தவை. 1903இல் பிரிஸ்டலில் பிறந்து, கேம்பிரிட்ஜில் கணிதத்தில் தொடங்கிச் சட்டத்துக்கு மாறினார். லீட்ஸில் விரிவுரையாளராக இருந்துவிட்டு, 1929இல் எல்.எஸ்.இ. என்று எல்லோரும் சொல்லும் லண்டன் பொருளியல் கல்லூரிக்கு வந்தார். அடுத்த பத்தாண்டுக்குள் மூன்று பெரிய நூல்களை எழுதினார்: 1933இல் அரசியலமைப்புச் சட்டம் பற்றி, 1936இல் அமைச்சரவை ஆட்சி பற்றி, 1939இல் பாராளுமன்றம் பற்றி. அவருடைய பெயரை நிலைநாட்டிய நூல்கள் இவைதான். இவற்றை எழுதிய காலத்தில் அவர் அங்கே பேராசிரியர் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 1941இல் கொழும்புக்கு வந்து பல்கலைக்கழகக் கல்லூரியின் அதிபரானார். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர். டி. எஸ். சேனநாயக்காவுக்கு அரசியலமைப்பு ஆலோசனை சொன்னது இந்தக் காலத்தில்தான். பின்னர் கேம்பிரிட்ஜ் திரும்பி, டிரினிட்டி ஹோல் கல்லூரியின் தலைவராகவும், 1961 முதல் 1963 வரை அப்பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் இருந்தார். 1965இல் காலமானார்.

உங்கள் பாடத்துக்கு நேரே உதவக்கூடியது அவருடைய மூன்று கேள்விகள். பிரித்தானியாவில் ஒரே ஆவணமாக எழுதப்பட்ட அரசியலமைப்பு இல்லை. பாதி ஆட்சி, சட்டத்தில் எழுதாமல் பின்பற்றப்படும் வழமைகளில் நடக்கிறது. ஒரு பழக்கம் கட்டுப்படுத்தும் வழமையாகிவிட்டதா என்று எப்படி அறிவது? முன்னுதாரணங்கள் எவை, சம்பந்தப்பட்டவர்கள் தாம் ஒரு விதிக்குக் கட்டுப்பட்டிருப்பதாக நம்பினார்களா, அந்த விதிக்கு ஒரு காரணம் உண்டா. இந்த மூன்றையும் கேட்கச் சொன்னார். பிரித்தானியச் சட்ட மாணவர்கள் இன்றைக்கும் முதலாம் ஆண்டில் இதைத்தான் படிக்கிறார்கள்.

சுதந்திர இலங்கையின் முதல் யாப்பான சோல்பரி யாப்பும் மகாதேசாதிபதியின் அதிகாரங்களைப் பிரித்தானிய வழமைகளின்படியே பிரயோகிக்கச் சொன்னது. சிறுபான்மையினருக்கு எழுத்தில் கிடைத்தது, ஓர் இனத்துக்கோ மதத்துக்கோ மட்டும் பாதகமான சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக் கூடாது என்ற 29ஆம் பிரிவு. 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரின் உரிமையைப் பறித்தபோது அந்தப் பிரிவு அவர்களைக் காப்பாற்றவில்லை; 1953இல், அன்றைய இறுதி மேன்முறையீட்டு மன்றமான லண்டன் கோமறைக் கழகமும் அந்தச் சட்டம் செல்லும் என்றே தீர்த்தது. ஜெனிங்ஸை மதித்துப் படியுங்கள். அவர் நம்பிய ஏற்பாடு யாரை வெளியே விட்டது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். பரீட்சை விடைத்தாளிலும் அதை எழுதலாம்.

திருகோணமலை நகரிலிருந்து ஒரு தாய்: மகள் இங்கிலாந்தில் முதுமாணி படிக்கிறாள். அவளுக்குப் படிப்பிக்கிறவர் பன்னிரண்டு வருடமாக அங்கே இருக்கிறாராம், புத்தகமும் எழுதியிருக்கிறாராம். ஆனால் இன்னும் பேராசிரியர் இல்லையாம். தரம் குறைந்தவரிடமா பிள்ளை படிக்கிறாள்?

இல்லை அம்மா, கவலைப்படத் தேவையில்லை. அமெரிக்காவில் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் எல்லோரையும் பேராசிரியர் என்று அழைப்பார்கள். பிரித்தானியாவில் அது மிக உயர்ந்த படிக்கு மட்டும் உரிய பெயர். பழைய முறையில் விரிவுரையாளர், சிரேஷ்ட விரிவுரையாளர், ரீடர், பேராசிரியர் என்று நான்கு படிகள். சில பல்கலைக்கழகங்கள் நடுவில் உள்ளவற்றை இணைப் பேராசிரியர் என்று மாற்றியிருக்கின்றன. பலர் சிரேஷ்ட விரிவுரையாளராகவே ஓய்வு பெறுகிறார்கள். ஆசிரியரின் தரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அவருடைய கடைசி ஐந்து வருட எழுத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

உப்புவெளியிலிருந்து ஓர் அரசறிவியல் பட்டதாரி: பிரித்தானிய அரசியலில் கலாநிதிப் பட்டம் செய்ய விரும்புகிறேன். எங்கே தொடங்குவது? பணம் எங்கிருந்து வரும்? திருகோணமலையில் இருந்துகொண்டு வெஸ்ட்மின்ஸ்டர் பாராளுமன்றத்தைப் பற்றி எழுதுகிறேன் என்றால் சிரிக்க மாட்டார்களா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறோம். சிரிக்க மாட்டார்கள், கையில் நல்ல கேள்வி இருந்தால். விண்ணப்பங்களில் அதிகம் காணும் குறை கேள்வி இல்லாத தலைப்பு. 'திருகோணமலைக் கடற்படைத் தளமும் பிரித்தானியாவும்' என்று ஒருவர் எழுதுகிறார் என்று வையுங்கள். அது தலைப்பு மட்டும்தான். அதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. முதல் அத்தியாயத்திலேயே அது இலங்கை வரலாறாகிவிடும். பிரித்தானிய அரசியல் துறையில் அதை மேற்பார்வை செய்ய ஆள் கிடைக்காது.

அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள். 1947இன் பாதுகாப்பு ஒப்பந்தத்தால் சுதந்திரத்துக்குப் பிறகும் தளம் பிரித்தானியர் கையில் இருந்தது. 1956இல் பண்டாரநாயக்கா ஆட்சிக்கு வந்தார். 1957 ஒக்டோபரில் தளம் கைமாறியது. இடையில் சூயஸ் நெருக்கடி வந்தது; ஈடன் போய் மக்மில்லன் பிரித்தானியப் பிரதமரானார். இந்த முடிவில் கடற்படைக்குப் பொறுப்பான அட்மிரால்ட்டி, பொதுநலவாய உறவுகள் அலுவலகம், திறைசேரி ஆகிய மூன்றில் யாருடைய வாதம் எடுபட்டது, ஏன்? இப்போது இது பிரித்தானிய அமைச்சரவை எப்படி முடிவெடுக்கிறது என்பது பற்றிய கேள்வி. பிரித்தானியர் கட்டிய சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்து வளர்ந்தவருக்கு இந்தக் கேள்வி மற்றவர்களுக்கு முன்னரே தோன்றும். அந்த அனுகூலத்தை விட்டுவிடாதீர்கள்.

ஆய்வு முன்மொழிவு பொதுவாக 1,500 முதல் 2,000 சொற்கள். முதல் பந்தியிலேயே கேள்வி வர வேண்டும். அதன் பிறகு, இதைப் பற்றி யார் யார் என்ன சொன்னார்கள், எங்கே இடைவெளி இருக்கிறது, எந்த ஆவணங்களைப் பார்ப்பீர்கள், அவற்றை எப்படி வாசிப்பீர்கள், மூன்று வருடத்தில் எந்த வருடம் என்ன வேலை. 'இந்த விடயத்தை யாரும் ஆராயவில்லை' என்ற வரியை எழுதாதீர்கள். வாசிக்கிறவருக்கு உடனே இரண்டு பேர் நினைவுக்கு வருவார்கள். அத்தோடு உங்கள் நம்பகம் போய்விடும்.

மேற்பார்வையாளரைத் தெரிவதற்குப் பல்கலைக்கழகத் தரவரிசை உதவாது. உங்கள் கேள்விக்கு அருகில் கடைசி மூன்று வருடத்தில் எழுதியவர் யார் என்று தேடுங்கள். அவருக்கு 200 சொல்லுக்குள் மின்னஞ்சல்: நான் யார், என் கேள்வி என்ன, உங்களுடைய எந்தக் கட்டுரையோடு அது ஒட்டுகிறது அல்லது முரண்படுகிறது, இந்த ஆண்டு மாணவர்களை எடுக்கிறீர்களா. முன்மொழிவையும் தன்விபரக் கோவையையும் இணைத்துவிடுங்கள். ஒரே கடிதத்தை இருபது பேருக்கு அனுப்பினால் அது படித்தவுடன் தெரியும். அடுத்த ஆண்டு செப்டெம்பரில் தொடங்க வேண்டுமானால் இந்த ஆண்டு செப்டெம்பர் – நவம்பருக்குள் எழுத வேண்டும். உதவித்தொகை முடிவுத் திகதிகள் பல டிசெம்பர், ஜனவரியிலேயே வந்துவிடும்.

பணம். முதுமாணி இல்லாமல் நேரே கலாநிதிக்குப் போவது கடினம். அங்கே முழுநேர முதுமாணி ஒரு வருடம். அதற்குப் பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசில் ஒரு நல்ல வழி: கட்டணம், வாழ்க்கைச் செலவு, விமானச்சீட்டு எல்லாம் அடங்கும். முதற்பட்டத்துடன் 2,800 மணித்தியால வேலை அனுபவம் வேண்டும். இரண்டு வருட முழுநேர வேலை என்று கொள்ளலாம். தொண்டு வேலையும் கணக்கில் சேரும். படிப்பு முடிந்ததும் குறைந்தது இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. இதை மறந்து, அங்கேயே கலாநிதியைத் தொடரலாம் என்று திட்டமிடுகிறவர்கள் பிறகு சிக்கலில் மாட்டுகிறார்கள். பொதுநலவாயப் புலமைப்பரிசில்களும் உண்டு; தகுதியான நாடுகளின் பட்டியலை ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் பாருங்கள்.

கலாநிதி மட்டத்தில் சமூக அறிவியல்களுக்குப் பணம் தருவது ஈ.எஸ்.ஆர்.சி. என்ற ஆய்வு மன்றம். 2021 முதல் வெளிநாட்டு மாணவர்களும் அதற்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அது உள்நாட்டு மாணவர் கட்டணத்தை மட்டுமே தரும். மிகுதியைப் பல்கலைக்கழகம் விட்டுக்கொடுக்குமா என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். கேட்காமல் போனால், புலமைப்பரிசில் கிடைத்த பிறகும் ஆண்டுக்குப் பல ஆயிரம் பவுண் கையிலிருந்து போகலாம்.

விசாவில் பிழை நேரும் இடம் வங்கி மீதிதான். பணத்தை நீங்களே காட்ட வேண்டியிருந்தால், தேவையான தொகை தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் நிராகரிப்பு வரலாம். காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழ் ஆறு மாதத்துக்கே செல்லும். அதைக் கொழும்பில் எடுக்க வேண்டும், பயணத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். தமிழில் உள்ள பிறப்புச் சான்றிதழைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலமாக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சீனன்குடாவிலிருந்து ஓர் ஆசிரியர்: பிரித்தானிய அமைச்சரவை ஆவணங்களை இங்கிருந்தே பார்க்க முடியுமா? இணையத்தில் தேடினால் எண்களும் எழுத்துகளும்தான் வருகின்றன, ஒன்றும் புரியவில்லை.

முடியும். அந்த எண்களைப் படிக்கப் பழகினால் பாதி வேலை முடிந்தது. லண்டனின் மேற்கே கியூ என்ற இடத்தில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. அங்குள்ள ஒவ்வோர் ஆவணத்துக்கும் மூன்று பகுதி அடையாளம்: எந்த அமைச்சு என்று காட்டும் எழுத்துகள், தொடரின் எண், சாய்கோட்டுக்குப் பிறகு கோப்பின் எண். சி.ஓ. என்றால் குடியேற்ற நாடுகள் அலுவலகம், சி.ஓ. 54 முழுவதும் இலங்கைக் கடிதப் போக்குவரத்து. டி.ஓ. 35 டொமினியன் (சுயாட்சி பெற்ற பொதுநலவாய நாடுகள்) அலுவலகத்தினுடையது. பி.ஆர்.ஈ.எம். 11 என்பது 1951 முதல் 1964 வரையான பிரதமர் அலுவலகக் கோப்புகள். சி.ஏ.பி. 128 போருக்குப் பிந்திய அமைச்சரவை முடிவுகள், சி.ஏ.பி. 129 அமைச்சர்கள் அமைச்சரவைக்கு எழுதிய குறிப்புகள்.

கடைசி இரண்டும் பெரும்பகுதி எண்ணிமப்படுத்தப்பட்டிருக்கின்றன, வீட்டிலிருந்தே இறக்கிக்கொள்ளலாம். பாராளுமன்ற விவாத அறிக்கையான ஹன்சார்ட் 1803இலிருந்து இணையத்தில் இலவசம். ஊரின் பெயரைத் தேடும்போது 'டிரிங்கோமலி' என்ற ஆங்கில எழுத்துக்கூட்டலோடு நிற்காதீர்கள். பழைய கோப்புகளில் அது வேறு வேறு விதமாக இருக்கும். இறுதி எழுத்தை மாற்றியும், வெறும் 'நேவல் பேஸ், சிலோன்' என்றும் தேடிப் பாருங்கள்.

புதிதாக வாசிப்போர் விழும் பள்ளம் ஒன்று உண்டு. அமைச்சரவை முடிவுக் குறிப்பில் யார் என்ன சொன்னார் என்பது பெரும்பாலும் இருக்காது. விடயத்தைக் கொண்டுவந்த அமைச்சரின் பெயர் இருக்கும். அதன் கீழே 'கலந்துரையாடலில் பின்வரும் கருத்துகள் கூறப்பட்டன' என்று ஒரு வரி, தொடர்ந்து பெயரில்லாத வாதங்கள், கடைசியில் 'அமைச்சரவை உடன்பட்டது'. சண்டை நடந்த கூட்டமும் இந்த நடையில் சமாதானமாகத்தான் தெரியும். இதை மட்டும் வாசித்து 'எல்லோரும் ஒருமனதாக இணங்கினார்கள்' என்று எழுதினால் பரீட்சகர் அங்கேயே பிடிப்பார். அமைச்சரவைச் செயலாளர் கூட்டத்தில் கையால் எழுதிய குறிப்பேடுகள் சி.ஏ.பி. 195 என்ற தொடரில் இருக்கின்றன. சுருக்கெழுத்துப் போன்ற துண்டு வரிகள், ஓரத்தில் பேசியவரின் அடையாளம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும். நல்லதொரு ஆய்வேட்டின் பலம் பல வேளைகளில் இந்த இரண்டு பக்கங்களுக்கு இடையிலுள்ள வித்தியாசத்திலிருந்தே வருகிறது.

எண்ணிமமாகாத கோப்புகளுக்கு நேரே போகத்தான் வேண்டும். வாசகர் அட்டை இலவசம். அடையாளத்துக்கு ஒன்று, முகவரிக்கு ஒன்று என இரண்டு சான்றுகள் கேட்பார்கள். வாசிப்பு அறைக்குள் பேனை கொண்டுபோக முடியாது, பென்சில் மட்டும். கைப்பேசியால் படம் எடுக்கலாம், ஃபிளாஷ் கூடாது. ஒவ்வொரு கோப்பிலும் முதல் படம் அதன் அடையாள எண்ணாக இருக்கட்டும். இதைச் செய்யாதவர்கள் திரும்பி வந்து, எந்தப் பக்கம் எந்தக் கோப்புக்குரியது என்று தெரியாமல் திண்டாடுவார்கள்.

தம்பலகாமத்திலிருந்து ஒரு வாசகி: கலாநிதிப் பட்டத்துக்கான வாய்மொழிப் பரீட்சை அங்கே எப்படி நடக்கும்? சபை கூடுமா?

இல்லை, சபை கூடுவதில்லை. மூடிய அறையில் பெரும்பாலும் இரண்டு பரீட்சகர்களும் நீங்களும். ஒருவர் அதே பல்கலைக்கழகத்தவர், மற்றவர் வெளியிலிருந்து வருபவர். உங்கள் மேற்பார்வையாளர் பரீட்சகராக இருக்க முடியாது. இரண்டு, மூன்று மணித்தியாலம் எடுக்கும். அதற்கு முன்னர், முதல் வருட முடிவில் ஒரு தரமுயர்த்தல் மதிப்பீடு உண்டு. முதலில் எம்.ஃபில். (கலாநிதிக்குக் கீழுள்ள ஆய்வுப் பட்டம்) மாணவராகப் பதிந்து, ஓர் அத்தியாயத்தையும் திட்டத்தையும் காட்டிய பிறகே கலாநிதிப் பதிவு உறுதியாகும் பல்கலைக்கழகங்கள் பல.

முடிவுகளில் அதிகம் கிடைப்பது சிறு திருத்தங்களுடன் தேர்ச்சி. அதற்கு ஏறக்குறைய மூன்று மாதம் தருவார்கள். அதைத் தோல்வியாக எண்ணி அழுதவர்களும் உண்டு, அது தேவையில்லாத கண்ணீர். பெரிய திருத்தம், மீண்டும் எழுதிச் சமர்ப்பித்தல், எம்.ஃபில். மட்டும் வழங்குதல் என்பன அதற்குக் கீழே வருபவை. தயாரிப்புக்கு ஒரு வழி: ஆய்வேட்டின் ஒவ்வோர் அத்தியாயத்துக்கும் அரைப் பக்கத்தில் மூன்று வரி எழுதுங்கள். என்ன சொன்னேன், எந்தச் சான்றால், எதிர்த்துக் கேட்டால் என்ன சொல்வேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்வது அந்த அறையில் குறையாகக் கருதப்படாது. மழுப்புவதைத்தான் மன்னிக்க மாட்டார்கள்.

நிலாவெளியிலிருந்து ஓர் இளம் விரிவுரையாளர்: பிரித்தானிய நண்பர்கள் 'ரெஃப்', 'நான்கு நட்சத்திரம்' என்று பேசுகிறார்கள். அங்கே வேலை கிடைக்க அது ஏன் அவ்வளவு முக்கியம்?

பல்கலைக்கழகங்களின் ஆய்வுத் தரத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நாடு முழுவதும் மதிப்பிடுகிறார்கள்; அதன் இன்றைய பெயர்தான் ரெஃப். 1986இல் தொடங்கிய முறை, பெயரும் விதிகளும் மாறி மாறி வந்திருக்கிறது. 2021 மதிப்பீட்டில் வெளியீடுகளுக்கு 60 வீதம், சமூகத்தில் ஏற்பட்ட தாக்கத்துக்கு 25, ஆய்வுச் சூழலுக்கு 15. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் ஒன்று முதல் நான்கு நட்சத்திரம். இங்கிலாந்தில் மூன்றும் நான்கும் பெற்ற வேலைக்கு மட்டுமே அரச நிதி கிடைக்கும். நான்குக்கு மூன்றின் நான்கு மடங்கு எடை. அதனால் வேலைக்கு ஆள் எடுக்கும் குழு, இவருடைய எழுத்து எத்தனை நட்சத்திரம் பெறும் என்று மனதுக்குள் கணக்குப் போடும். பத்துச் சிறு கட்டுரைகளைவிட ஒரு பலமான கட்டுரை உங்களுக்கு அதிகம் உதவும். இந்த முறை மெதுவாக வேகும் பெரிய நூல்களுக்கு அநியாயம் செய்கிறது என்பது எங்கள் கருத்து. ஆனாலும் விளையாட்டின் விதி தெரியாமல் களத்தில் இறங்கக் கூடாது.

பல ஆய்வு இதழ்களில் கட்டுரைக்கு 8,000 சொல் அளவு எல்லை. மதிப்பாய்வாளர்களிடம் போகாமல் ஆசிரியரிடமிருந்தே திரும்பி வரும் கட்டுரைகளின் வழமையான குறை, ஒரு நாட்டின் கதையைச் சொல்லிவிட்டு, அது துறையின் எந்த விவாதத்தை அசைக்கிறது என்று சொல்லாமல் விடுவது. இலங்கையிலிருந்து எழுதும்போது இதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். திருப்பி அனுப்பினால் மதிப்பாய்வாளரின் குறிப்புகளின்படி கட்டுரையைத் திருத்தி, அடுத்த இதழுக்கு ஒரு மாதத்துக்குள் அனுப்புங்கள்.

வேலை விளம்பரத்தில் 'அவசியம்', 'விரும்பத்தக்கது' என்று இரண்டு பட்டியல் இருக்கும். விண்ணப்பக் கடிதத்தில் அவசியப் பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு சான்று. அநேகமான குழுக்கள் அதை வைத்தே புள்ளியிடுகின்றன. கடிதம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒரு வரி விடுபட்டால் வெளியே. கிடைப்பது முதலில் ஒரு வருட, இரண்டு வருடக் கற்பித்தல் பதவியாக இருக்கலாம். நிரந்தரப் பதவியிலும் அமெரிக்கா மாதிரியான வாழ்நாள் உத்தரவாதம் இல்லை. 1988இன் கல்விச் சீர்திருத்தச் சட்டத்தோடு புதியவர்களுக்கு அது போய்விட்டது.

கிண்ணியாவிலிருந்து ஒரு வாசகர்: தமிழ்மொழி மூலம் படித்தவன், வயது 34. காலம் கடந்துவிட்டதா?

கடக்கவில்லை. வயதெல்லை இல்லை. செவனிங்குக்குத் தேவையான வேலை அனுபவம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கக்கூடும். ஆங்கிலத்துக்கு, அரசியல் துறைகள் பல ஐ.ஈ.எல்.டி.எஸ். பரீட்சையில் மொத்தம் 7 கேட்கின்றன. பெறுபேறு இரண்டு வருடத்துக்கே செல்லும், அதனால் அவசரப்பட்டு எழுத வேண்டாம். தமிழ்மொழி மூலம் வந்தவர்களுக்குக் குறைவது வழமையாக எழுத்துப் பகுதியில். ஒரு நாளைக்கு ஹன்சார்ட்டில் ஒரு கேள்வியும் அதன் பதிலும் வாசித்து, அமைச்சர் எதற்குப் பதில் சொன்னார், எதற்குச் சொல்லாமல் நழுவினார் என்று ஆங்கிலத்தில் 200 சொல் எழுதுங்கள். ஆறு மாதம் விடாமல் செய்தால் மொழியும் வரும், பாடமும் வரும். வேலையை விட முடியாவிட்டால் லண்டன் பல்கலைக்கழகம் 1858 முதல் நடத்தும் வெளிவாரிப் பட்டங்களைப் பாருங்கள், எல்.எஸ்.இ. பாடத்திட்டம் அமைக்கும் அரசியல் பட்டமும் அவற்றில் உண்டு. கட்டணத்தை ஒரே தடவையில் கட்டத் தேவையில்லை. பாடம் பாடமாகப் பிரித்துக் கட்டும் முறையைப் பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.